டகோட்டா கவுண்டியில் சோமாலியர் எங்கெங்கே குடியிருக்கிறார்கள்? தடுப்பூசி முகாமுக்கு இடம் தேர்வது பற்றி ஒரு கேள்வி

செவிலி_மலர்

அனைவருக்கும் வணக்கம். மின்னசோட்டா மாநிலத்தின் டகோட்டா கவுண்டியில் ஒரு சிறிய மருத்துவ நிலையத்தில் செவிலியராகப் பணிபுரிகிறேன். சோமாலியக் குடும்பங்களுக்காக வார இறுதிகளில் ஒரு தடுப்பூசி முகாமைத் தொடங்க எங்கள் நிலையம் முடிவு செய்திருக்கிறது. அதற்கான இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. கூட்டத்தில் பேசியபோது, சோமாலியர் எல்லோரும் மினியாபோலிஸில்தான் இருக்கிறார்கள், இங்கே முகாம் வைத்து என்ன பயன் என்று ஒருவர் கேட்டார். பர்ன்ஸ்வில்லில் ஓர் இடத்தில் வைத்தால் கவுண்டி முழுவதற்கும் போதும் என்றார் இன்னொருவர். இரண்டுமே எனக்கு நிறைவளிக்கவில்லை.

இதில் எனக்கு இவ்வளவு அக்கறை ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். மின்னசோட்டாவில் வளரும் சோமாலிய வம்சாவளிக் குழந்தைகளில் 2 வயதுக்குள் எம்எம்ஆர் (தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா) தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் 2004ஆம் ஆண்டில் 92 விழுக்காடு. இது மாநிலத்தின் பிற குழந்தைகளுடைய அளவைவிடக் குறைந்ததல்ல. 2014ஆம் ஆண்டில் அதே எண் 42 விழுக்காடாகச் சரிந்துவிட்டது. ஆட்டிசத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு உண்டு என்ற, மறுக்கப்பட்ட கூற்றைச் சுமந்து வந்தவர்கள் இந்தத் தாய்மார்களைத் தேடிப் போய்ப் பேசினார்கள், தாய்மார்கள் பயந்தார்கள். 2017இல் தட்டம்மை பரவி மாநிலத்தில் 75 பேர் பாதிக்கப்பட்டபோது, அவர்களில் பெரும்பாலோர் தடுப்பூசி போடாத சோமாலியக் குழந்தைகளே. அந்தப் பயத்தை அகற்ற வேண்டுமானால் அவர்கள் வீட்டுக்கு அருகில், அவர்களுக்கு வசதியான நேரத்தில், அவர்கள் மொழியில் பேசுபவர் ஒருவரோடு நாம் போய் உட்கார வேண்டும். இந்தக் கவுண்டியில் நீண்ட காலமாக வாழ்பவர்கள், புள்ளிவிவரம் அறிந்தவர்கள், பள்ளிகளில் பணிபுரிபவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைப் பகிருமாறு வேண்டுகிறேன்.

நிலவரை

செவிலி மலர் அவர்களுக்கு வணக்கம். நான் வரைபடங்களோடும் கணக்கெடுப்பு அட்டவணைகளோடும் வேலை செய்பவன். எண்களிலிருந்து தொடங்குகிறேன், ஆனால் எண்கள் எங்கே நின்றுவிடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான், கறுப்பினத்தவர் என்ற கட்டத்தின் கீழ் ஒருவர் தம் பூர்விகத்தைத் தாமே எழுதிக்கொள்ள முதன்முறையாக இடம் தரப்பட்டது. படிவத்தில் அச்சிட்டிருந்த எடுத்துக்காட்டுகளில் சோமாலி என்பதும் ஒன்று. அந்த விரிவான அட்டவணைகள் 2023 செப்டம்பரில் வெளியாயின. நாடு முழுவதும் 2 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தங்களைச் சோமாலியர் என்று பதிவு செய்திருந்தார்கள். அதற்குப் பிந்தைய மாதிரி ஆய்வுகளின் மதிப்பீடு ஏறத்தாழ 2 லட்சத்து 60 ஆயிரம். அவர்களில் சுமார் 84 ஆயிரம் பேர் மினியாபோலிஸ், செயிண்ட் பால் பெருநகர்ப் பகுதியில் இருக்கிறார்கள். மின்னசோட்டாவின் சோமாலியரில் பாதிக்கும் மேற்பட்டோர், அதாவது ஏறக்குறைய 58 விழுக்காட்டினர், அமெரிக்க மண்ணிலேயே பிறந்தவர்கள். இந்தக் கடைசி எண் உங்களுக்கு மிகவும் முக்கியம், ஏனென்றால் நீங்கள் தேடும் குழந்தைகள் பிறந்த நாட்டை வைத்து எடுத்த எந்த அட்டவணையிலும் சோமாலியராகத் தென்படமாட்டார்கள்.

ஒரு சமூகம் எங்கே வாழ்கிறது என்பதைக் கணக்கெடுப்பிலிருந்து அறிய மூன்று வழிகள் உண்டு. பிறந்த நாட்டைப் பார்க்கலாம். ஆனால் கென்யாவின் தடாப் அகதி முகாமில் பிறந்தவர் கென்யர் என்றும், எத்தியோப்பியாவின் சோமாலிப் பகுதியில் பிறந்தவர் எத்தியோப்பியர் என்றும் அதில் பதிவாவார்கள். வீட்டில் பேசும் மொழியைப் பார்க்கலாம். ஆனால் 2016க்குப் பிறகு வெளியாகும் அட்டவணைகளில் சோமாலி மொழி அம்ஹாரியுடனும் பிற ஆப்பிரிக்க-ஆசிய மொழிகளுடனும் ஒரே வரிசையில் சேர்க்கப்படுகிறது. நம் கவுண்டியில் எத்தியோப்பியர்களும் ஒரோமோ மக்களும் கணிசமாக இருப்பதால், அந்த வரிசையை அப்படியே சோமாலியர் என்று வாசித்தால் தவறான இடத்துக்குப் போய்ச் சேருவோம். மூன்றாவது வழி வம்சாவளி. இது ஓரளவு நெருங்கிய விடையைத் தரும். ஆனால் மாதிரி ஆய்வில் ஒரு சிறு வட்டாரத்துக்கான மதிப்பீட்டோடு வரும் பிழை வரம்பு, சில வேளைகளில் அந்த மதிப்பீட்டுக்கு இணையாகவே இருக்கும். 2020 கணக்கெடுப்பின் அட்டவணைகளில், தனிநபர் விவரங்களைக் காப்பதற்காக எண்களில் வேண்டுமென்றே சிறு மாற்றங்கள் செய்யப்பட்டிருக்கின்றன.

ஆகவே தெரு அளவில் அல்லாமல் நகர அளவில் வாசியுங்கள் என்பதே என் ஆலோசனை. 4 லட்சத்து 40 ஆயிரம் பேர் வாழும் டகோட்டா கவுண்டியில், எந்த அளவுகோலை எடுத்தாலும் வடமேற்கு மூலைதான் மேலெழுகிறது: பர்ன்ஸ்வில், ஈகன், ஆப்பிள் வேலி. வடக்கே மேற்கு செயிண்ட் பால், இன்வர் குரோவ் ஹைட்ஸ் பகுதிகளில் சிறிய எண்ணிக்கையில் இருக்கிறார்கள். கவுண்டியின் தலைநகரான ஹேஸ்டிங்ஸிலும், தெற்கே வயல்கள் பரந்த ஊராட்சிகளிலும் மிகக் குறைவு.

ஆற்றுக்குத்_தெற்கே

நிலவரை சொன்ன வடமேற்கு மூலை என்பது சரியானது. ஆனால் ஏன் அந்த மூலை என்பதை விளங்கிக்கொள்ளாமல் முகாமுக்கு இடம் தேர்ந்தால், இன்றைய படத்தை மட்டும் வைத்து முடிவெடுத்தவர்களாவோம். நான் இந்தப் பகுதியில் நீண்ட காலமாக வீட்டு வாடகை நிர்வாகத்தில் பணிபுரிந்தவன் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மின்னசோட்டா ஆற்றைக் கடந்து தெற்கே வந்தால் முதலில் எதிர்ப்படுபவை பர்ன்ஸ்வில்லும் ஈகனும். பர்ன்ஸ்வில் 1964இல்தான் நகராட்சியாக அமைந்தது. இந்த ஊர்கள் வளர்ந்த காலமும், மினியாபோலிஸ், செயிண்ட் பால் வட்டார வளர்ச்சியைத் திட்டமிட 1967இல் உருவான பெருநகர மன்றம் வலுப்பெற்ற காலமும் ஒன்று. அந்த மன்றம் 1970களில் ஒரு கொள்கையை நடைமுறைப்படுத்தியது: புறநகர் ஒன்று குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கான வீடுகளுக்கு இடம் தருகிறதா என்பதைப் பார்த்து, பூங்கா, சாலை போன்றவற்றுக்கான மானிய விண்ணப்பங்களில் முன்னுரிமை கொடுப்பது. 1976ஆம் ஆண்டின் நிலத் திட்டச் சட்டமும் இதற்குத் துணை நின்றது. அதனால் நாட்டின் வேறு பல பெருநகரங்களில் நகர மையத்திலேயே அடைபட்டுக் கிடந்த மானிய வீடுகளும் நடுத்தர வாடகைக் குடியிருப்புகளும் இங்கே புறநகர்களிலும் எழுந்தன. 13ஆம் நெடுஞ்சாலை ஓரத்திலும், 42ஆம் கவுண்டிச் சாலை ஓரத்திலும், சீடர் அவென்யூவை ஒட்டியும் நீங்கள் பார்க்கும் மூன்று மாடி அபார்ட்மெண்ட்களில் பெரும்பாலானவை 1970களிலும் 1980களிலும் கட்டப்பட்டவை.

சோமாலியாவில் 1991 ஜனவரியில் சியாத் பாரே ஆட்சி கவிழ்ந்து உள்நாட்டுப் போர் முற்றிய பின், 1990களின் தொடக்கத்திலிருந்து மின்னசோட்டாவுக்கு அகதிகள் வரத் தொடங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதலில் தங்கியது மினியாபோலிஸின் சீடர்-ரிவர்சைடு பகுதியில், 1973இல் திறக்கப்பட்ட உயர்ந்த அடுக்குமாடிக் கட்டடங்களில். பிள்ளைகள் பிறந்து குடும்பம் பெருகியபோது அந்த வீடுகள் போதவில்லை. ஆற்றுக்குத் தெற்கே அவர்கள் வந்தபோது கட்டி இருபது ஆண்டுகளைக் கடந்த, வாடகை ஓரளவு தாங்கக்கூடிய கட்டடங்கள் ஏற்கெனவே காத்திருந்தன. அந்தக் கட்டடங்கள் எங்கே இருந்தனவோ அங்கேதான் சமூகம் அமைந்தது. லேக்வில்லிலும் ரோஸ்மவுண்டிலும் அந்தக் காலத்து வாடகைக் கட்டடங்கள் அதிகம் இல்லை. எனவே அங்கே அந்த முதல் அலை போகவில்லை.

வேலையும் இதே திசையைக் காட்டியது. விமான நிலையம் ஈகனுக்கு நேர் எதிர்க்கரையில் இருக்கிறது. 2000களில் அங்கே டாக்சி ஓட்டியவர்களில் மிகப் பெரும்பாலோர் சோமாலியர். 1992இல் திறந்த மால் ஆஃப் அமெரிக்கா ப்ளூமிங்டனில், பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். பர்ன்ஸ்வில்லிலிருந்து 13ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் ஸ்காட் கவுண்டியின் சாவேஜும், அதற்கப்பால் அமேசானின் பெரிய கிடங்கு இருக்கும் ஷாக்கோபியும். 2018இல் அந்தக் கிடங்கின் வேலைப் பளுவுக்கும் தொழுகை நேரத்துக்கும் குரல் கொடுத்து வெளியே வந்து நின்றவர்களில் பலர் கிழக்கு ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் என்பது இங்குள்ளவர்களுக்கு நினைவிருக்கும். கவுண்டி எல்லை என்பது அலுவலகத் தாளில் இருக்கும் கோடு. பர்ன்ஸ்வில், சாவேஜ், ஷாக்கோபி மூன்றையும் ஒரே வாழ்விடமாகத்தான் அந்தக் குடும்பங்கள் பயன்படுத்துகின்றன.

பேருந்தையும் மறக்க வேண்டாம். 2013இல் சீடர் அவென்யூ வழியாக ஆப்பிள் வேலியிலிருந்து மால் ஆஃப் அமெரிக்காவுக்குச் சிவப்பு வழித்தடமும், 2021 டிசம்பரில் பர்ன்ஸ்வில்லிலிருந்து மினியாபோலிஸ் நகர மையத்துக்கு ஆரஞ்சு வழித்தடமும் தொடங்கின. ஒரே காரை அப்பா இரவு வேலைக்கு எடுத்துச் சென்றுவிடும் வீட்டில், அம்மா பேருந்தில் வரக்கூடிய இடத்தில்தான் உங்கள் முகாம் இருக்க வேண்டும்.

புதுவரவு_ரோஸ்மவுண்ட்

மேலே எழுதியவர்களுக்கு நன்றி. எனக்கு ஓர் ஐயம். வாடகைக் கட்டடம்தான் காரணம் என்றால், அதே வாடகை உள்ள வேறு புறநகர்களிலும் இவர்கள் இதே அளவில் இருக்க வேண்டுமே? தங்கள் மக்களோடும் பள்ளிவாசலுக்கு அருகிலும் வாழ வேண்டும் என்ற விருப்பம்தான் முதன்மையானது என்று நான் நினைத்திருந்தேன்.

காயலான்

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். நான் காயல்பட்டினத்தைச் சேர்ந்தவன். ஈகனில் குடும்பத்தோடு வசிக்கிறேன். இங்கே ஜும்ஆ தொழுகைக்குப் போனால் என் இருபுறமும் நிற்பவர்கள் பெரும்பாலும் சோமாலியச் சகோதரர்களே. எனவே புதுவரவு கேட்ட கேள்விக்கு நான் பார்த்ததை வைத்துப் பதில் சொல்லலாம்.

விருப்பம் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. பக்கத்து வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போக முடிவதும், நோன்புக் காலத்தில் இரவுத் தொழுகைக்கு நடந்தே போய் வர முடிவதும் சிறிய காரியங்கள் அல்ல. ஆனால் இந்தப் பக்கத்தில் நான் அறிந்த வரையில் வரிசை வேறு. முதலில் குடும்பங்கள் வந்தன. பிறகு யாரோ ஒருவருடைய வீட்டின் கீழ்த்தளத்திலோ, கடைத்தொகுதியில் வாடகைக்கு எடுத்த ஓர் அறையிலோ தொழுகை தொடங்கியது. பணம் சேர்ந்த பின்புதான் கட்டடம். பள்ளிவாசல் வந்த பின் இன்னும் பல குடும்பங்கள் அதை நாடி வந்தன என்பதும் உண்மை. ஆற்றுக்கு அக்கரையில், ப்ளூமிங்டனில் இருக்கும் தார் அல்-ஃபாரூக் பள்ளிவாசல்கூட ஒரு பழைய தொடக்கப் பள்ளிக் கட்டடத்தில்தான் அமைந்தது. 2017 ஆகஸ்ட் 5 அதிகாலையில் அங்கே குண்டு வீசப்பட்டதும், அதைச் செய்தவருக்கு 2021இல் 53 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதும் செய்திகளில் வந்தவை. அந்தக் காலையில் உள்ளே தொழுகைக்கு நின்றவர்கள் பிழைத்தது இறைவன் அருள். அதன் பிறகும் அந்தப் பகுதியை விட்டு மக்கள் போய்விடவில்லை.

வீடு வாங்குவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் சோமாலியர் இவ்வளவு காலம் வாடகைக் கட்டடங்களிலேயே இருந்ததற்கு வருமானம் மட்டும் காரணமல்ல. வட்டி ஹராம் (மார்க்கத்தில் விலக்கப்பட்டது) என்பதால் வழக்கமான வீட்டுக்கடனை எடுக்கப் பலர் மறுக்கிறார்கள். மாதம் தவறாமல் வாடகை கட்டி, முன்பணத்துக்கும் போதிய சேமிப்பு வைத்திருந்தும், அந்த ஒரு காரணத்துக்காகவே ஆண்டுக் கணக்கில் காத்திருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். இப்போது குறைந்துகொண்டே போகும் கூட்டுரிமை என்ற முறையில் சில நிறுவனங்கள் உதவுகின்றன: நிறுவனமும் குடும்பமும் சேர்ந்து வீட்டை வாங்குகின்றன, நிறுவனத்தின் பங்கைப் பயன்படுத்துவதற்குக் குடும்பம் கட்டணம் செலுத்தியபடியே, அந்தப் பங்கையும் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்கிறது. மினியாபோலிஸில் உள்ள ஆப்பிரிக்க மேம்பாட்டு மையமும் இப்படி வட்டியில்லாத வழிகளில் பணியாற்றியிருக்கிறது. இந்த வழி திறந்த பிறகுதான் லேக்வில், ரோஸ்மவுண்ட், ஃபார்மிங்டன் பக்கம் சொந்த வீட்டுக்குப் போகிறவர்களைப் பார்க்கிறேன். அவர்கள் வெள்ளிக்கிழமைகளில் பர்ன்ஸ்வில்லுக்குத் திரும்பி வருகிறார்கள். சகோதரி மலர் அவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்: தொழும் ஊரும் குடியிருக்கும் ஊரும் பலருக்கு இப்போது வேறு வேறு.

மற்றொன்று. நிலவரை அவர்கள் தெற்கு ஊராட்சிகளில் மிகக் குறைவு என்றார். உயிரோடு இருப்பவர்களைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் இந்தச் சமூகத்தின் அடக்கத்தலமான மையவாடி அங்கேதான் இருக்கிறது. ஃபார்மிங்டனுக்கு அருகே காஸில் ராக் ஊராட்சியில் சுமார் 70 ஏக்கர் நிலத்தை ஒரு முஸ்லிம் அமைப்பு அடக்கத்தலத்துக்காக வாங்கியபோது, 2014இல் ஊராட்சி மன்றம் அனுமதி மறுத்தது. வரி வருவாய் போய்விடும் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. வழக்கு டகோட்டா கவுண்டி நீதிமன்றத்துக்குப் போனது. 2016இல் அந்த மறுப்பு நியாயமற்றது என்று தீர்ப்பு வந்து, அல் மஃக்ஃபிரா என்ற பெயரில் மையவாடி அமைந்தது. அடுத்த ஆண்டே யாரோ அங்கே புகுந்து பொருட்களைச் சேதப்படுத்தி, சுவரில் வெறுப்பு வாசகங்களை எழுதிவிட்டுப் போனார்கள். தங்கள் தாய் தந்தையரை ஒரு மண்ணில் அடக்கம் செய்த மக்களை அந்த மண்ணில் தற்காலிகமாகத் தங்கியிருப்பவர்கள் என்று எண்ணக் கூடாது. ஆகையால்தான் இதை இங்கே எழுதினேன்.

ஆற்றுக்குத்_தெற்கே

காயலான் அவர்களின் பதிவு மிக முக்கியமானது. புதுவரவு அவர்களின் ஐயத்துக்கு நான் ஒன்று சேர்க்கிறேன். அதே வாடகை என்பது விளம்பரத்தில் மட்டும் அதே வாடகை. ஏழு பேர் கொண்ட குடும்பத்துக்கு, ஓர் அறைக்கு இருவர் என்ற பொதுவான நடைமுறைப்படி, நான்கு படுக்கையறைகள் வேண்டும். 1970களின் அபார்ட்மெண்ட்களில் பெரும்பாலானவை ஒன்று அல்லது இரண்டு படுக்கையறை கொண்டவை. மூன்று, நான்கு அறைகளோடு வாடகைக்குக் கிடைப்பவை டவுன்ஹோம்கள் எனப்படும் ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள்தாம். நம் கவுண்டியின் சமூக மேம்பாட்டு முகமை உழைக்கும் குடும்பங்களுக்காகக் கட்டிய டவுன்ஹோம்கள் ஒரே ஊரில் குவியாமல் பல ஊர்களில் பரவியிருக்கின்றன. எனவே பெரிய குடும்பங்கள் சிறிய குடும்பங்களைவிடக் கவுண்டியில் அதிகம் சிதறியிருக்கும்.

மேலும், வாடகையில் ஒரு பகுதியை அரசு செலுத்தும் வீட்டு உதவி வவுச்சர் வைத்திருப்பவரை உரிமையாளர் ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை என்று மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. கையில் வவுச்சர் இருந்தும் அதை ஏற்கும் கட்டடங்கள் சிலவே என்றால், அந்தச் சில கட்டடங்களில்தான் மக்கள் சேர்வார்கள். இதை வெளியிலிருந்து பார்ப்பவர், இவர்கள் தாங்களே கூடி வாழ விரும்புகிறார்கள் என்று முடிவு கட்டிவிடுகிறார். வாடகை அலுவலகத்தின் உள்ளே அமர்ந்து, மறுக்கப்பட்ட விண்ணப்பங்களைப் பார்த்தவன் என்ற முறையில் இதை அழுத்தமாகச் சொல்கிறேன்.

செவிலி_மலர்

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு உங்கள் அனைவருக்கும் என் நன்றி. ஆற்றுக்குத் தெற்கே ஐயா, நீங்கள் வாடகைத் துறையில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்: குறிப்பாக எந்தெந்தக் குடியிருப்புகள் என்று பெயர் சொல்ல முடியுமா? அந்த வளாகங்களின் சமுதாயக் கூடத்திலேயே முகாமை நடத்த முடியுமா என்று கேட்டுப் பார்க்க நினைக்கிறேன்.

சட்டத்_துணை

ஆற்றுக்குத் தெற்கே அவர்கள் பதில் எழுதும் முன் நான் குறுக்கிடுவதற்குப் பொறுத்தருள வேண்டும். மலர் அவர்களின் நோக்கத்தில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஆனால் கட்டடங்களின் பெயர்களை யாரும் வாசிக்கக்கூடிய இந்த இழையில் எழுத வேண்டாம் என்று அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

குடியேற்ற வழக்குகளில் மொழிபெயர்ப்பு உதவி செய்பவள் நான். 2025 டிசம்பரில் இரட்டை நகரங்களான மினியாபோலிஸ், செயிண்ட் பாலில் மத்தியக் குடியேற்ற அதிகாரிகளின் பெரும் நடவடிக்கை தொடங்கியபோது, சோமாலியர் வாழும் இடங்கள் என்று பெயர் குறிக்கப்பட்டவையே முதலில் அச்சத்தில் உறைந்தன. மின்னசோட்டாவில் வெளிநாட்டில் பிறந்த சோமாலியரில் ஏறக்குறைய 87 விழுக்காட்டினர் குடியுரிமை பெற்றவர்கள். அப்படியிருந்தும் கடவுச்சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பால் வாங்கப் போன முதியவர்களை நான் அறிவேன். 2022இல் வெளிவந்த குழந்தைகள் உணவு நிதி மோசடி வழக்கில் சிலர் செய்த குற்றத்துக்காக மொத்தச் சமூகத்தையும் குற்றம் சாட்டும் பேச்சும் இதோடு சேர்ந்துகொண்டது. நகர அளவில், சாலை அளவில் பேசுவது எல்லோருக்கும் தெரிந்த செய்தி, அதில் தீங்கில்லை. எந்த வளாகத்தில் எத்தனை குடும்பங்கள் என்று ஒரே இடத்தில் தொகுத்து வைப்பது வேறு. நாம் நல்ல எண்ணத்தில் தொகுக்கும் பட்டியலை அடுத்து யார் எடுத்துப் பயன்படுத்துவார் என்பது நம் கையில் இல்லை.

ஆற்றுக்குத்_தெற்கே

சட்டத் துணை சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். பெயர்களை இங்கே எழுதமாட்டேன். மலர் அவர்களே, கவுண்டியின் பொதுச் சுகாதாரத் துறை ஆப்பிள் வேலியில் உள்ள மேற்குச் சேவை மையத்திலிருந்து செயல்படுகிறது. உங்கள் நிலையத்தின் பெயரில் அவர்களை நேரடியாக அணுகுங்கள். வளாகங்களோடு ஏற்கெனவே தொடர்பில் இருப்பவர்கள் அவர்கள்.

பள்ளி_மொழித்துணை

வணக்கம். நான் இந்தப் பகுதிப் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் கற்கும் மாணவர்களுக்கு உதவியாளராக இருக்கிறேன். குழந்தைகளை மனத்தில் வைத்து இடம் தேர்வதானால், நகர எல்லைகளைவிடப் பள்ளி மாவட்ட எல்லைகள்தாம் உங்களுக்குப் பயன்படும். பர்ன்ஸ்வில் முகவரி உள்ள ஒரு குழந்தை மூன்று வெவ்வேறு பள்ளி மாவட்டங்களில் ஏதேனும் ஒன்றைச் சேர்ந்ததாக இருக்கலாம். நகரின் பெரும்பகுதி 191ஆம் மாவட்டத்தில் இருக்கிறது. அது ஈகனின் ஒரு பகுதியையும் சாவேஜின் ஒரு பகுதியையும் உள்ளடக்கியது. கிழக்கு ஓரம் ரோஸ்மவுண்ட், ஆப்பிள் வேலி, ஈகன் ஊர்களுக்குரிய 196ஆம் மாவட்டத்தையும், தெற்கு ஓரம் லேக்வில்லின் 194ஆம் மாவட்டத்தையும் சேர்ந்தவை. பள்ளிச் சேர்க்கையின்போது பெற்றோர் வீட்டு மொழிப் படிவம் ஒன்றை நிரப்புகிறார்கள். அதில் சோமாலி தனி மொழியாகவே பதிவாகிறது. நிலவரை குறிப்பிட்ட கலப்பு இங்கே நேர்வதில்லை. மாநிலக் கல்வித் துறை இந்த விவரங்களை மாவட்ட அளவில் வெளியிடுகிறது. இங்கே பிறந்த குழந்தைகளும் அதில் அடங்குவார்கள் என்பதால், உங்கள் தேவைக்கு எனக்குத் தெரிந்த வரையில் மிக நெருக்கமான கணக்கு அதுதான்.

ஒரு குறை உண்டு. உங்கள் தடுப்பூசிக்கு உரிய குழந்தைகள் பள்ளிக்கு வரும் வயதுக்கு முற்பட்டவர்கள். ஆனால் பள்ளியில் இருக்கும் அண்ணனுக்கும் அக்காவுக்கும் வீட்டில் தம்பி தங்கை உண்டு. பள்ளி வழியாகக் கொடுக்கும் தாள் அந்த வீட்டுக்குப் போய்ச் சேரும். சோமாலி மொழி 1972 முதல் லத்தீன் எழுத்தில்தான் எழுதப்படுகிறது. அச்சிடுவதில் சிரமம் இருக்காது. ஆனால் அகதி முகாம்களில் வளர்ந்து பள்ளிக்கே போகாத பாட்டிமார்கள் பலர் எந்த எழுத்தையும் வாசிப்பதில்லை, அந்த வீடுகளில் தடுப்பூசி பற்றிய முடிவில் பாட்டியின் சொல்லுக்கு எடை அதிகம். எனவே தாளோடு, வாட்ஸ்அப்பில் கேட்கக்கூடிய ஒரு குரல் பதிவையும், அவர்கள் மதிக்கும் ஒருவருடைய குரலில் தயாரித்து அனுப்புங்கள்.

நிலவரை

பள்ளி மொழித்துணை அவர்கள் சொன்ன மாவட்ட எல்லைகளை வீடு வகைகளோடு சேர்த்து வரைந்து பார்த்தேன். வாடகைக் கட்டடங்களின் தொடர் 191ஆம் மாவட்டத்திலும் 196ஆம் மாவட்டத்தின் மேற்கு விளிம்பிலும் நீள்கிறது. காயலான் சொன்ன சொந்த வீட்டு நகர்வு 194ஐயும் 196இன் தென்கிழக்கையும் நோக்கிப் போகிறது. ஒரே முகாம் இரண்டையும் எட்டாது என்பது என் கருத்து. தேர்ந்தெடுக்க வேண்டுமானால் காரில்லாத குடும்பங்களுக்கே முதலிடம் தர வேண்டும். சொந்த வீட்டுக்குப் போனவர்கள் கார் வைத்திருப்பவர்கள், வெள்ளிக்கிழமைகளில் எப்படியும் வருகிறார்கள்.

புதுவரவு_ரோஸ்மவுண்ட்

என் கேள்விக்குப் பொறுமையாக விடை தந்த காயலான் அவர்களுக்கும் ஆற்றுக்குத் தெற்கே அவர்களுக்கும் நன்றி. எங்கள் தெருவில் அண்மையில் ஒரு சோமாலியக் குடும்பம் வீடு வாங்கிக் குடிவந்திருக்கிறது. இந்த இழையை வாசித்த பிறகு அவர்கள் இங்கே வந்து சேர எத்தனை படிகளைக் கடந்திருப்பார்கள் என்று விளங்குகிறது. முகாமில் பதிவேடு எழுதவோ, வருபவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவோ ஆள் தேவைப்பட்டால் நானும் என் மனைவியும் வருகிறோம்.

காயலான்

நேரம் பற்றி ஒரு குறிப்பு. சனி, ஞாயிறு முற்பகலில் பிள்ளைகள் குர்ஆன் வகுப்பில் இருப்பார்கள். தாய்மார்கள் அவர்களைக் கொண்டுவிட்டு, முடியும்வரை அருகிலேயே காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பு நேரம்தான் உங்களுக்கு வாய்ப்பானது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஆண்கள் வேலைக்கு விரைந்துவிடுவார்கள். அப்போது பேச்சுக் கொடுப்பது பயன் தராது. நோன்பு மாதத்தில் பகலில் முகாம் வைத்தால் பெரியவர்கள் ஊசிக்குத் தயங்குவார்கள். நோன்பு திறந்த பின் வைத்தால் வருவார்கள். இமாமிடம் முன்கூட்டியே பேசுங்கள். அறிவிப்பை அவர் வாயால் சொன்னால் பாதி வேலை முடிந்தது. நான் உடன் வந்து அறிமுகம் செய்து வைக்கிறேன்.

செவிலி_மலர்

அனைவருக்கும் நன்றி. நிலையத்தில் நான் முன்வைக்கப் போவதை எழுதுகிறேன். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

முகாம் இரண்டு இடங்களில் நடக்கும். முதலாவது பர்ன்ஸ்வில்லில், ஆரஞ்சு வழித்தடத்திலிருந்து நடந்து வரக்கூடிய ஓர் இடத்தில், குர்ஆன் வகுப்பு நடக்கும் முற்பகலில். அங்கே கூடத்தைக் கேட்கக் காயலான் அவர்களோடு நேரில் போகிறேன். இரண்டாவது ஆப்பிள் வேலியில், சிவப்பு வழித்தடம் எட்டும் தொலைவில், வேலை முடிந்து வருபவர்களுக்காக ஒரு வார நாள் மாலையில். லேக்வில், ரோஸ்மவுண்ட் குடும்பங்களுக்குத் தனி முகாம் இப்போதைக்கு இல்லை. 194, 196 மாவட்டங்களின் பள்ளிகள் வழியாக அறிவிப்பும் குரல் பதிவும் அனுப்புவோம். வளாகங்களின் பெயர்கள் கவுண்டி சுகாதாரத் துறையோடு நேரில் பேசும்போது மட்டுமே பேசப்படும். எங்கள் பதிவேட்டிலும் குடியிருப்பின் பெயரையோ பிறந்த நாட்டையோ கேட்கும் வரிசையை நீக்கச் சொல்லப் போகிறேன். தடுப்பூசிக்கு அவை தேவையில்லை. குழந்தையின் பெயர், பிறந்த தேதி, முன்பு போட்ட ஊசிகள், அடுத்த தவணையை நினைவூட்ட ஒரு தொலைபேசி எண் ஆகியவை போதும்.

சட்டத் துணை அவர்களே, அந்தப் படிவத்தின் வரைவைத் தனிமடலில் அனுப்புகிறேன். கூட்டம் வரும் வாரம் நடக்கிறது. அதற்கு முன் நீங்கள் ஒருமுறை பார்த்துத் தந்தால் பேருதவியாக இருக்கும்.